புழு வந்தாலும் புகார், வராவிட்டாலும் புகார்: தாழ்வாரத் தோட்டத்துக் கோளாறுகள்

எங்கள் வீடு சிங்கப்பூரின் ஈசூனில், நான்காம் மாடி. வாசலுக்கு வெளியே சுவரோரம் பதினொரு தொட்டிகள். கீழே சமூகத் தோட்டத்திலும் எனக்கு ஒரு மூலை உண்டு. பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஆகும் செடியாகப் பார்த்து வைக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து, மின்தூக்கியில் பார்ப்பவர்கள் எல்லாம் கைபேசியில் ஒரு படத்தை நீட்டி "இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். கேள்விகள் சுற்றிச் சுற்றிப் பத்துதான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் செடியில் தெரிவது எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. எதையும் தெளிப்பதற்கு முன் பத்து நிமிடம் செடி முன்னால் சும்மா நில்லுங்கள். வெயில் ஏறிய காலை ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை, இரவில் கைபேசி விளக்கோடு ஒரு தடவை. இலையைத் திருப்பி அடிப்பக்கமும் பாருங்கள். யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் மருந்தடிப்பது, விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து அடிப்பது போலத்தான்.

கறிவேப்பிலையில் இலையைக் காணோம், காம்பு மட்டும் நிற்கிறது

முதலில் பூச்சி எது என்று பார்க்க வேண்டும். கொழுந்திலையில் குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் மணி ஒன்று தனியாக ஒட்டியிருந்தால் அது முட்டை. இலைமேல் பறவை எச்சம் விழுந்தது போல, கறுப்பும் வெள்ளையுமாக ஈரப் பளபளப்போடு ஏதாவது கிடந்தால், துடைக்காதீர்கள். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, கவட்டை போல ஒரு கொம்பு வெளியே வரும். கூடவே அழுகிய எலுமிச்சை போல ஒரு நெடி. அது கறிவேப்பிலை அழகியின் புழு. எலுமிச்சை, நாரத்தைத் தொட்டியில் என்றால் பெரும்பாலும் எலுமிச்சை அழகியாக இருக்கும்.

இந்தப் புழு நான்கு முறை தோலுரிக்கும். அதுவரை எச்ச வேஷம். ஐந்தாம் கட்டத்தில் திடீரென்று பச்சையாகிவிடும், தோளில் கண் போல ஒரு கோலத்தோடு. செடி மொட்டையாவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். முந்தின நாள்வரை ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு "ஒரே ராத்திரியில் தின்னுடுச்சு" என்று நாம் அலறுவது அதனால்தான். முட்டை பொரித்ததிலிருந்து கூட்டுப்புழு ஆகும்வரை ஏறக்குறைய இரண்டு வாரம். அப்புறம் பத்து நாள் போல அசையாமல் இருந்து, ஒரு காலையில் பட்டாம்பூச்சியாக வெளியே வரும்.

இது கோளாறே இல்லை என்று நான் சொன்னால், ரசம் வைக்கிறவர் ஒப்புக்கொள்ள மாட்டார். என் மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. "உன் பூச்சிக்கு வளைகாப்பு நடத்தறதுக்கா நான் செடி வெச்சேன்?" என்றார். எனவே தீர்வு இதுதான்: இரண்டு தொட்டிகள். சமையலுக்கு ஒன்று, அதைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டிவிட வேண்டும். மற்றது திறந்தபடி பட்டாம்பூச்சிக்கு. சமையல் தொட்டியில் தப்பித் தவறிப் புழு தெரிந்தால், விரலால் பிடித்து இழுக்காமல், அது உட்கார்ந்திருக்கும் இலைக்காம்போடு கத்தரித்து மற்றத் தொட்டியில் செருகிவிடுங்கள். தானாக நடந்து போய்விடும். மொட்டையான செடி சாகாது. தண்ணீரைக் குறைத்து, வெயிலில் விட்டால் மறுபடி துளிர்க்கும். இந்த நேரத்தில் வேப்பெண்ணெய் அடிக்க வேண்டாம். அது எல்லாப் புழுவையும் ஒன்றுபோலக் கெடுக்கும்.

புழுவே இல்லாமல் இலையில் பெரிய ஓட்டைகளும், காய்ந்த பசை போல மினுங்கும் தடமும் இருந்தால், அது நத்தை. சிங்கப்பூரில் தொட்டிக்கு வருவது பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பெருநத்தை, வெளியிலிருந்து வந்தது. இரவில் கையுறை போட்டுப் பொறுக்கிவிடுங்கள். அதன் உடம்பில் மனிதருக்கு ஆகாத ஒட்டுண்ணி இருக்கலாம் என்பதால் வெறுங்கை கூடாது.

பூத்துக் குலுங்குகிறது, ஆனால் ஒன்றும் வருவதில்லை

என்ன பூ என்று பாருங்கள். காகிதப்பூ என்றால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. மேம்பாலம் முழுக்கச் சிவப்பாகத் தெரிவது இதழே அல்ல, நிறம் மாறிய இலை. உள்ளே ஊசி மாதிரி இருக்கும் சின்ன வெள்ளைதான் பூ. அடுக்குச் செம்பருத்தியிலும் அதே கதை. மகரந்தத் தாள்கள் எல்லாம் இதழாகிவிட்டதால் வண்டுக்கு எதுவும் மிச்சமில்லை. இட்லிப்பூ பரவாயில்லை, தேன்சிட்டு வரும். நாம் கோவிலுக்குக் கொண்டுபோகும் சிவப்பு இட்லிப்பூ தென்னிந்தியாவிலிருந்து வந்தது. இந்த மண்ணுக்கே உரிய இட்லிப்பூவும் உண்டு, இக்சோரா கான்ஜெஸ்டா என்று கேட்டுப் பாருங்கள், ஆரஞ்சு நிறம்.

பூ சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அடுத்த கேள்வி: புழு தின்ன ஏதாவது வைத்திருக்கிறீர்களா? தேன் குடிக்கக் கடை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், பட்டாம்பூச்சிக்கு இல்லாதது பிள்ளை பெறும் வீடு. ஒவ்வொன்றும் தனக்கென்று சில செடிகளில்தான் முட்டையிடும். வெந்தய வரியனுக்கு எருக்கு. இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி, பிள்ளையாருக்கென்று எருக்கு வளர்க்கும் வீடு இங்கே நிறைய. மஞ்சள் கொன்றைக்கு எலுமிச்சை நிறத்துப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வரும். சிவப்பு உடம்புள்ள ரோஜா அழகிக்கும், சிங்கப்பூரின் பெரிய பட்டாம்பூச்சிகளில் ஒன்றான மஞ்சளும் கறுப்புமான பறவைச் சிறகிக்கும் கருடக்கொடி குடும்பத்தைச் சேர்ந்த உள்ளூர்க் கொடி வேண்டும். அதன் பெயர் அரிஸ்டோலோக்கியா அக்யூமினாட்டா.

அந்தக் கொடியை வாங்கும்போது கவனம். அதே குடும்பத்தில், தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த கொடி ஒன்று உண்டு. பழுப்புப் புள்ளி போட்ட பெரிய பூ. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பறவைச் சிறகி அதன் வாசனையை நம்பி முட்டையிடுகிறது, பொரித்த புழு அதைத் தின்று செத்துப்போகிறது. அங்கே அந்தக் கொடியைப் பிடுங்கி எறியும் வேலையே நடக்கிறது. பெயரை மட்டும் கேட்டு வாங்காமல், பூவையும் பார்த்து வாங்குங்கள்.

உள்ளூர்ச் செடி என்றதும் ஏதோ காட்டுக்குள் போய்த் தேட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். போகவே வேண்டாம். பூங்காவிலிருந்தும் இயற்கை வனப்பகுதியிலிருந்தும் செடி பிடுங்குவது குற்றம். புன்னை, தாழை, அடும்பு: நெய்தல் பாட்டில் நாம் படித்தது எல்லாம் இந்தத் தீவின் கடற்கரைக்கும் சொந்தம். பூவரசும் முன்னைச் செடியும் சங்கங்குப்பியும் அப்படியே. ஊரில் வேலியோரம் பார்த்த சங்கங்குப்பியை இங்கே தொட்டியில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாலையில் அதன் வெள்ளைப் பூவுக்கு அந்துப்பூச்சி வரும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை என்றால் வெளிச்சமும் காற்றும்தான் காரணம். பட்டாம்பூச்சிக்கு உடம்பு சூடேற வெயில் வேண்டும். நாள் முழுக்க நிழலில் இருக்கும் தாழ்வாரத்தில் பறவைக்கூட்டுப் பெரணி வைத்துவிட்டு, பட்டாம்பூச்சி ஆசையைச் சமூகத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாடிக்கு மேல் என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைக்காமல் ஒரே வகையில் மூன்று நான்கு தொட்டிகளை நெருக்கி வையுங்கள். பறந்து போகிற கண்ணுக்கு ஒரு நிறத் திட்டாகத் தெரிய வேண்டும்.

புழு இருந்தது. இப்போது கறுத்துத் தொங்குகிறது, அல்லது காணவே காணோம்

இதில் நான்கு வகை. பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நிம்மதி.

துடித்து, பச்சையாகக் கக்கி, ஓரிரு நாளில் எல்லாப் புழுவும் விழுந்துவிட்டால் அது பூச்சிமருந்து. நான் ஒரு முறை நாற்றுப் பண்ணையிலிருந்து பூத்த செடி ஒன்று வாங்கி வந்தேன். ஏழு புழுக்களை அதற்கு மாற்றினேன். மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. இலையில் ஒரு கறை கிடையாது, பார்க்கக் கடைப்பூ மாதிரி இருந்தது. அந்த மாசற்ற அழகே அடையாளம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வேர் வழியாக உறிஞ்சப்பட்ட மருந்து இலைக்குள்ளேயே இருக்கும், கழுவினால் போகாது, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தங்கும். வாங்கும்போதே "மருந்து போட்டதா?" என்று கேளுங்கள். ஓட்டை விழுந்த இலையுள்ள செடியை எடுத்துக்கொண்டால் விலையும் குறையும். அதைவிட நல்லது, பக்கத்து வீட்டிலிருந்து கிளை வாங்கி நட்டுக்கொள்வது. கொசுவுக்குப் புகையடிக்கும் நாள் தெரிந்தால் புழுத் தொட்டியை மட்டும் வீட்டுக்குள் இழுத்துவிடுங்கள்.

தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கறுப்பாக ஒழுகினால் அது தொற்று. அந்தக் கிளையை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். ஒரே தொட்டியில் புழுக்கள் நெரிந்தால் வரும்.

கூட்டுப்புழுவின் பக்கவாட்டில் குட்டி வட்ட ஓட்டை மட்டும் இருந்து, உள்ளே காலி என்றால் ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. ஒன்றும் செய்ய வேண்டாம்.

காணாமல் போனதற்குப் பயப்படத் தேவையில்லை. ஒன்று, தேன்சிட்டு தன் குஞ்சுக்கு எடுத்துப்போயிருக்கும். பெயரில் தேன் இருந்தாலும் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான். அல்லது புழு கூடு கட்ட இடம் தேடி நடந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரு கூட்டுப்புழு செருப்பு அலமாரியின் கால் ஒன்றில், இடுப்பில் ஒரு நூல் கட்டியபடி சாய்ந்து நின்றது. பழுப்பு நிறத்தில் அலமாரியோடு அலமாரியாக. பள்ளிக்குக் கிளம்பிய மகள் செருப்பைத் தேடும்போதுதான் பார்த்தாள். பத்து நாள் எல்லாரும் செருப்பைத் தரையில் விட்டோம்.

செண்டுடுக் மஞ்சளாகிறது, அல்லது பூக்கிறது, காய்ப்பதில்லை

சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான் என்று சிலர் சொல்வது இதைத்தான். மலாயில் செண்டுடுக். ஊதாப் பூ, சாலையோரத்தில் தானாக முளைக்கும், தொட்டியில் மட்டும் நோஞ்சானாகிவிடும். மஞ்சள் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், நீங்கள் முட்டை ஓடோ சாம்பலோ போட்டிருக்கிறீர்கள். நல்ல மனசோடுதான் போட்டிருப்பீர்கள், ஆனால் இது புளிப்பு மண்ணில் வாழ்ந்து பழகிய செடி. மற்றச் செடிக்கு நஞ்சாகும் அலுமினியத்தையே இது இலையில் சேர்த்து வைக்கும். சுண்ணாம்பு ஏறினால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும். மண்ணை மாற்றுங்கள், உரத்தை நிறுத்துங்கள், வெயிலில் வையுங்கள்.

காய்க்கவில்லை என்றால் பூவை நெருங்கிப் பாருங்கள். மகரந்தத் தாள் இரண்டு விதமாக இருக்கும். நடுவில் குட்டையாக மஞ்சள் ஐந்து. வெளியே வளைந்து நீண்டு ஊதாவாக ஐந்து. மஞ்சள், வண்டுக்கு வைத்த பலகாரம். அதை அது தின்றுகொண்டிருக்கையில் ஊதாத்தாள் அதன் உடம்பில் மகரந்தத்தைப் பூசிவிடும். ஆனால் தாளின் நுனியில் இருப்பது ஊசித்துளை. உப்புக் குப்பியைக் குலுக்குவது போல அதிர வைத்தால்தான் தூள் கொட்டும். அப்படி அதிர வைப்பது கரிய பெரிய தச்சுவண்டு, பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை உதறும்போது ரீங்காரத்தின் சுருதியே மாறும். மாடியில் அது வராவிட்டால் மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைத் தாளில் ஒரு நொடி வைத்து எடுங்கள். மஞ்சளாகப் புகைபோல வரும், அதை இன்னொரு பூவில் தொட்டுவிடுங்கள். பூ ஒரே நாள்தான் இருக்கும் என்பதால் காலையிலேயே செய்ய வேண்டும். காய் வெடித்தால் கருநீலச் சதை. பிள்ளைகள் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள், முதுகில் சிவப்புக் கோடு போட்ட பூக்கொத்திக் குருவியும் வரும்.

புறா ஆர்க்கிட் ஆண்டு முழுக்கப் பூக்கவில்லை

கண்ணாடி வைத்த பால்கனிக்குள் தொங்கவிட்டிருப்பீர்கள். இதற்குத் தேவை உரமல்ல, ஓர் அதிர்ச்சி. பெருமழை வந்து வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால், ஏறக்குறைய ஒன்பதாம் நாள் காலையில் பூக்கும். உங்கள் செடி மட்டுமல்ல, சாலையோர மரங்களில் இருப்பவை எல்லாமே அதே காலையில். மதியம் வரை வாசனை, அடுத்த நாள் வாடிவிடும். மழைச்சாரல் படும் இடத்துக்கு மாற்றுங்கள், போதும்.

வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. எறும்பு அதன் மேய்ப்பன், எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டுக் கலந்த தண்ணீரைப் பூச்சிமேல் மட்டும் தெளித்து, கொஞ்ச நேரத்தில் கழுவிவிடுங்கள். புழு இருக்கும் கிளையில் வேண்டாம். தரைவீட்டுத் தோட்டத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு, அதாவது முசுறு, வேறு கதை. கடி பலமாக இருக்கும், ஆனால் பூச்சியைப் பிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. வழியில் இல்லாத கூட்டை விட்டுவிடுவேன்.

கொசு

இதில் மட்டும் எனக்கு இரக்கமே கிடையாது. டெங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டித் தட்டை எடுத்தே விடுங்கள், அல்லது நாள் தவறாமல் கவிழ்த்துத் துடையுங்கள், முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும். இறுகிய மேல்மண்ணிலும் தண்ணீர் தேங்கும், முள்கரண்டியால் கிளறுங்கள். பறவைக்கு வைக்கும் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தேய்த்துக் கழுவி மாற்ற முடியாது என்றால் வைக்கவே வேண்டாம். "இயற்கைத் தோட்டம்" என்று சொல்லித் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் தப்பிக்க முடியாது. தப்பிக்கவும் கூடாது.

தொட்டியில் பறவை கூடு கட்டிவிட்டது, எப்படித் தண்ணீர் ஊற்றுவது?

நீளமான பை போலத் தொங்கி, வாசலுக்குமேல் சின்னக் கூரை இருந்தால் தேன்சிட்டு. கிண்ணம் போலத் திறந்திருந்தால் சின்னானாக இருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஒரு மாதம் போலப் பொறுக்க வேண்டும். தாய் வெளியே போன நேரம் பார்த்து அடிமண்ணில் மட்டும் ஊற்றுங்கள், தொட்டியை நகர்த்தாதீர்கள், படமெடுக்கக் கிளையை விலக்காதீர்கள். அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்றால் மூலையில் இருக்கும் ஒட்டடையைக் கொஞ்சம் விட்டுவையுங்கள், கூட்டைத் தைக்கிற நூல் அதுதான். வீடு அசிங்கமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்தக் காரணத்தைத்தான் சொல்வேன். பாதிப் பேர் நம்புவார்கள்.

மைனாவும் புறாவும் மட்டும் வருகின்றன

சோறு வைக்கிறீர்களா? நிறுத்துங்கள். காகத்துக்கு வைத்துப் பழகிய கை, எனக்குத் தெரியும். ஆனால் 2020 ஜூன் முதல் வனவிலங்குக்கு உணவிடுவதே சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், சோறு வைத்தால் அதைத் தின்கிறவைதான் வரும். ஜாவா மைனா கூட்டமாக வந்தால் தேன்சிட்டு ஒதுங்கிவிடும். தரைவீட்டில் இருப்பவர்கள், புக்கிட் தீமா பக்கம் என்றால், பழமரம் வைக்குமுன் குரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்துமிடத்தின் கூரையில் பழச் சாறும் கொட்டையும் சிதறிக் கிடந்தால் வௌவால். தொங்குமிடத்தில் இரவு விளக்கு ஒன்று போட்டுவைத்தால் பெரும்பாலும் இடம் மாறும்.

பக்கத்து வீட்டார் முறைக்கிறார்கள்

இதற்கு மருந்து அளவுநாடா. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. தூக்குப் படுக்கை போகிற வழி அது, அளந்து பார்த்தால் நம்மில் பாதிப்பேர் மீறியிருப்போம். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கவே கூடாது. இவை இரண்டையும் சரிசெய்துவிட்டுத்தான் பேசப் போக வேண்டும்.

தச்சுவண்டு கொட்டிவிடும் என்று எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி நகர மன்றத்துக்கே புகார் சொல்வதாக இருந்தார். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது, பெண்ணும் கையில் பிடித்தால் ஒழியக் கொட்டாது என்று எத்தனையோ முறை சொன்னேன், நம்பவில்லை. தேன்கூடோ குளவிக்கூடோ கட்டினால் நானே தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் சொல்லி எடுக்கச் சொல்வேன் என்றேன், அதையும் கேட்கவில்லை. கடைசியில், கூட்டுப்புழு ஒட்டியிருந்த குச்சியை ஒரு ஜாடியில் செருகி, வலை கட்டி, அவர் பேத்தியிடம் கொடுத்தேன். ஆறாம் நாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். இரவு உடையோடு ஆன்ட்டி, கையில் ஜாடி. "சீக்கிரம் வா, இறக்கை இன்னும் ஈரமா இருக்கு, வலையை எப்படிப் பிரிக்கிறது?"